வழித்த பனியைத் திருப்பிப் போடுதல்

1.

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் எழுத்துக் குழு ஒன்று கூடுகிறது. எட்டுப் பேர், ஒரு மேசை, காபி, ஏலக்காய் பன். எனக்கு எழுத்தின்மேல் அப்படியொன்றும் மோகம் கிடையாது. முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவன் நான். பன் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், போனேன். போன மாதம் நூலகர் அம்மாள், நீங்கள் நன்றி சொல்ல விரும்பும் ஒன்றைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதினார். இன்னொருவர் செத்துப்போன நாயைப் பற்றி. ஒரு பெண் வசந்தத்தின் முதல் நாளைப் பற்றி எழுதி, வாசிக்கும்போதே மூக்கைச் சிந்தினாள். என் முறை வந்தது. கக்கூஸ் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்ப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். பன் தின்றுகொண்டிருந்தவர்கள் பன்னைக் கீழே வைத்தார்கள்.

கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், பம்ப் மெக்கானிக் யோவ்னி சொன்னான். கடையில் காபி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் இதன் பூர்வீகம். (இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு ஐந்தாம் பகுதி வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2.

தொடக்கங்கள்.

"வோரிலம்பி ஏரியின்மேல் குளிர்கால வெயில் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல—" வேண்டாம். பிப்ரவரியில் ஏரி வெள்ளையாக இருக்கும். அவ்வளவுதான்.

"மனித நாகரிகம் என்பது தன் கழிவைத் தன் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பக் கற்றுக்கொண்ட வரலாறே ஆகும். பண்டைக் காலத்தில்—" பண்டைக் காலத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை காலை, காபித் தூளை அளந்து போட்டுக்கொண்டிருந்த இர்யா, ஜன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள்."

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அந்தச் சிவப்பு விளக்கு இர்யா வீட்டு வெளிச்சுவரில், ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் தலையில் இருக்கிறது. முற்றத்தில் புதைத்திருக்கும் பம்ப் தொட்டியில் கழிவுத் தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் அது எரியும். பதினோரு வருடத்தில் அது எரிந்து அவள் பார்த்ததில்லை.

அவள் வீடு ஏரியை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. நகராட்சிக் குழாய் மேட்டில், சாலையோரமாகப் போகிறது. இடையில் பதினான்கு மீட்டர் ஏற்றம். மேட்டு வீட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. கைப்பிடியை அழுத்தினால் போதும், மீதியை இறக்கம் பார்த்துக்கொள்ளும். பள்ளத்து வீட்டுக்காரர்கள் நினைத்தாவது பார்க்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் பம்ப் எல்லாவற்றையும் இறைச்சி அரைப்பதுபோல் அரைத்து, இரண்டு விரல் பருமனுள்ள குழாய் வழியாக மேலே தள்ளும். ஒரு நாளில் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் குழாயில் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மைனஸ் முப்பது டிகிரியில் நின்றுகொண்டிருக்கும் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

(நூலகர் அம்மாள் ஓரத்தில் எழுதியது: "மனிதர்கள் எப்போது வருவார்கள்?" இதோ வருகிறார்கள்.)

இர்யாவுக்கு எழுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவன் தைஸ்தோ, மரம் வெட்டும் கம்பெனியில் இருந்தவன். செப்டம்பரில் ஒரு நாள் படகைக் கரைக்கு இழுக்கும்போது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. பேச்சு பாதிதான் வருகிறது. உட்காரவைத்தால் உட்காருவான், பிடித்துக்கொண்டால் நிற்பான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கொரு நிபந்தனை இருந்தது. வீட்டைப் பார்க்க வந்த நர்ஸ், கதவின் அகலத்தை அளந்தாள், கட்டிலின் உயரத்தை அளந்தாள், கக்கூஸில் மூன்று முறை தண்ணீர் விட்டுப் பார்த்தாள். பிறகு தன்மையாகத்தான் சொன்னாள். இது எல்லாம் சரியாக இருந்தால் வீடு. இல்லாவிட்டால் நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டிலுக்குப் போனவர் யாரும் திரும்பி வந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சிவப்பு விளக்கு எரிந்தபோது இர்யாவுக்குக் கண்ணில் தெரிந்தது விளக்கு இல்லை, அந்தக் கட்டில்தான். இர்யா குழாயையெல்லாம் மூடினாள். காபிப் பாத்திரத்தைக்கூடக் கழுவவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, மரங்களுக்குப் பின்னால் இருக்கும் பழைய மரக் கழிப்பறைக்குப் போய் வந்தாள். அவளால் முடியும். தைஸ்தோவால் இந்தக் குளிரில், இந்தப் பனியில், நாற்பது அடி போக முடியாது. திரும்பி வந்து யோவ்னிக்கு போன் செய்தாள். நாளைக்கு வருகிறேன் என்றான்.

4.

இப்போது கலெர்வோ வர வேண்டும். இவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எழுத எழுத ஆள் நழுவிக்கொண்டே போகிறார்.

கலெர்வோ இர்யாவுக்கு மேட்டு வீட்டுக்காரர். டிராக்டர் வைத்திருக்கிறார். பள்ளியில் இர்யாவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். பதினோரு வருடத்துக்கு முன் நகராட்சிக் குழாய் வந்தபோது, தைஸ்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் வீட்டுக்கு வந்தான். எங்கள் குழாயை உங்கள் உருளைக்கிழங்கு வயல் வழியாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். வயலில் மண் மெத்தென்று இருக்கும். இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டலாம். எந்தக் குளிரும் அங்கே எட்டாது.

"உன் வீட்டுப் பீ என் கிழங்குக்கு அடியில போகணுமா?" என்றார் கலெர்வோ.

தைஸ்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். குழாய் பாறைச் சரிவு வழியாகப் போயிற்று. பாறையில் அரை மீட்டருக்குமேல் தோண்ட முடியவில்லை. குழி தோண்டிய வாரம் கலெர்வோ வேண்டுமென்றே தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். அதனால் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.*

* அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் குழாயை இந்தக் குளிரில் காப்பாற்றுவது பனிதான். முழங்காலுக்குமேல் பனி படிந்து கிடந்தால் அது நிலத்துக்குக் கம்பளி. அதனால் தைஸ்தோ ஒவ்வொரு அக்டோபரிலும் குழாய்த் தடத்தின் இரு பக்கமும் சிவப்பு நுனிக் குச்சிகளை நட்டுவைப்பான். இந்தக் குச்சிகளுக்குள் யாரும் மிதிக்காதே, வழிக்காதே என்று அர்த்தம். சென்ற அக்டோபரில் தைஸ்தோ ஆஸ்பத்திரியில் இருந்தான். குச்சிகள் கொட்டகையிலேயே கிடந்தன.

தைஸ்தோ வரப்போகிறான் என்று கலெர்வோ கடையில் கேள்விப்பட்டார். இர்யா வீட்டுக்கு இறங்கும் வண்டிப்பாதை வளைந்து வளைந்து, கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. சக்கர நாற்காலியை அதில் எப்படி இறக்குவார்கள் என்று அவருக்கு உறுத்தியது. யாரையும் கேட்கவில்லை. இங்கே யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு உதவி செய்வதில்லை. கேட்டால் எதிராளி வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிவதற்கு முந்தின வியாழக்கிழமை மதியம், இர்யா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து டிராக்டரை எடுத்தார். சாலையிலிருந்து வாசல் வரை, பாறையை ஒட்டி நேராக, இரண்டு ஆள் அகலத்துக்கு, அடியில் புல் தெரியும்வரை பனியை வழித்து எடுத்தார். அவ்வளவு சுத்தமாக அவர் தன் சொந்த முற்றத்தைக்கூட வழித்ததில்லை.

பதினோரு வருடத்து மன்னிப்பை அவர் அப்படித்தான் கேட்டார். அதற்கடுத்த ஐந்து நாளும் மைனஸ் முப்பத்தொன்று.

5.

எழுத்துக் குழுவில் நான்காம் பகுதி வரை வாசித்தேன். எல்லாருக்கும் இர்யாவைப் பிடித்திருந்தது. கலெர்வோ மட்டும் அட்டையில் வெட்டிய ஆள்போல் இருக்கிறார் என்றார்கள். "அந்த ஆளுக்குள்ள என்ன ஓடுதுன்னே தெரியல. நீங்க அவர் பக்கமே போகாம சுத்திச் சுத்தி வர்றீங்க" என்றாள் வசந்தத்தைப் பற்றி எழுதிய பெண். அவள் மூக்குச் சிந்துகிறவள் என்று நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

கலெர்வோ என்று இந்த ஊரில் யாரும் இல்லை. டிராக்டர் என்னுடையது. வயல் என்னுடையது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனிடம் அந்த வார்த்தையைச் சொன்ன வாயும் என்னுடையதுதான். முப்பத்தொரு வருடம் ஊர்ப் பாலைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு ஒரு வாக்கியத்தைச் சிந்தாமல் வைத்திருக்கத் தெரியவில்லை.

ஆனாலும் மீதிக் கதையில் அவரைக் கலெர்வோ என்றே சொல்கிறேன். "நான்" என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.

6.

புதன்கிழமை காலை யோவ்னி வந்தான். தொட்டி மூடியைத் திறந்தான், பம்ப்பைத் தூக்கிப் பார்த்தான், திருப்பி இறக்கினான். பம்ப்புக்கு ஒன்றுமில்லை, குழாய் உறைந்திருக்கிறது என்றான். பிறகு நிமிர்ந்து, பாறையோரமாக மேலே போகும் அந்தச் சுத்தமான பாதையைப் பார்த்தான்.

இர்யாவும் பார்த்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அந்தப் பாதையைப் பார்த்து அவள் எவ்வளவு நேரம் சாலையிலேயே நின்றிருந்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது. (அவள் மனதில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அவள் சாலையில் நின்றதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.)

"யாரும்மா இதை வழிச்சது?" என்றான் யோவ்னி.

"நான்தான்" என்றாள் இர்யா. "அவர் வர்றாரேன்னு."

யோவ்னி பாதையை மறுபடி பார்த்தான். இரண்டு ஆள் அகலம். அதன் இரண்டு பக்கமும், பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டிய டிராக்டர் டயரின் தடம், புல்லைக் கீறியபடி.

"எழுபத்தொரு வயசுல நல்லாத்தான் வழிச்சிருக்கீங்க" என்றான். குனிந்து கருவிப் பையைத் திறந்தான்.

அன்று முழுவதும் சவுனாவின், அதாவது நீராவிக் குளியலறையின், விறகடுப்பு எரிந்தது. தைஸ்தோ வந்ததும் குளிப்பாட்ட என்று அவள் அடுக்கிவைத்திருந்த பிர்ச் விறகு அத்தனையும் அதில் போயிற்று. அடுப்போரத் தொட்டியில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இர்யா வாளியில் கொண்டுவந்து ஊற்றினாள். யோவ்னி மெல்லிய ரப்பர் குழாயைப் பெரிய குழாய்க்குள் விட்டு, அந்த வெந்நீரைச் செலுத்திச் செலுத்தி, ஒரு சாண், இன்னொரு சாண் என்று மேலே போனான். உருகி வந்ததெல்லாம் அவன் சட்டையில். அந்த நாற்றத்தில் அவன் ஐந்து மணி நேரம் மண்டியிட்டிருந்தான், முகம் சுளிக்கவில்லை. நன்றி சொல்வதற்கு ஆள் வேண்டுமென்றால் அவனைப் பற்றி ஒரு தனிக் கதையே எழுதலாம்.

மூன்று மணிக்கு, வெளிச்சம் மங்கும்போது, பம்ப் ஒரு தடவை முக்கியது. இன்னொரு தடவை முக்கியது. பிறகு ஓடத் தொடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. இர்யா காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பனியைத் திருப்பிப் போடணும்மா. இன்னிக்கே. இல்லன்னா நாளைக்கு நான் மறுபடி வரணும்" என்றான் யோவ்னி. அவனுக்கு இன்னொரு வீட்டில் இதே வேலை காத்திருந்தது, கிளம்பிவிட்டான்.

7.

மேட்டு வீட்டு ஜன்னலில் கலெர்வோ நிற்கிறார். கீழே இர்யா மண்வெட்டியோடு நிற்கிறாள். ஓரத்தில் குவிந்திருந்த பனியை வாரி வாரி, அவர் அவ்வளவு பாடுபட்டுத் திறந்த பாதையின்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? சரி, சொல்லிவிடுகிறேன், எனக்கு நன்றாகவே தெரியும். பதில் வந்துவிட்டது என்று தோன்றியது. உன் பாதையும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று அவள் ஒவ்வொரு வாரலுக்கும் சொல்வதுபோல் இருந்தது. ஆனால் அவளுக்கு எழுபத்தொரு வயது, காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது, பாதையோ எழுபது மீட்டர்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கலெர்வோ ஓடுகிறார், அவள் விளக்குகிறாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். குழுவில் இதற்கு நல்ல வரவேற்பு. கிழித்துப்போட்டேன். இந்த ஊரில் தேசிய ஹாக்கி அணி ஜெயித்தால் தவிர யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை.

இரண்டாவது: கலெர்வோ திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். இதுதான் நடந்திருக்க வேண்டியது. எனக்கு என்னைத் தெரியும்.

மூன்றாவது, நடந்தது. திரைச்சீலை வரைக்கும் கை போனது. ஆனால் அவள் ஒரு தடவை மண்வெட்டிமேல் சாய்ந்து இளைப்பாறினாள். அதைப் பார்த்தபின் கலெர்வோவால் உள்ளே நிற்க முடியவில்லை. தன் பெரிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சண்டை போடுவதா என்னவென்று தெரியாமலேயே இறங்கிப் போனார்.

இர்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? நீ மேலேருந்து போட்டுக்கிட்டு வா. நான் கீழேருந்து வரேன்" என்றாள்.

அவர் மேலிருந்து போட்டுக்கொண்டு வந்தார். தான் வழித்த பனியைத் தானே திருப்பிப் போட்டார், ஏன் என்று தெரியாமல். பாறையருகே இருவரும் சந்தித்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார், பாதை சரியில்லையா என்று.

"ரொம்ப நல்ல பாதை" என்றாள் இர்யா. "எனக்கு மனசு நெறஞ்சுது கலெர்வோ. ஆனா தைஸ்தோவுக்கு இந்த இடத்துல பனி கெடக்கணும். அவன் குணம் உனக்குத் தெரியாதா."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

8.

வெள்ளிக்கிழமை டாக்சி சாலையிலேயே நின்றுவிட்டது. உறைந்த வளைவில் இறங்கமாட்டேன் என்றான் ஓட்டுநர். கலெர்வோ பனியில் பின்னால் நின்று தள்ளிப்போகும் தன் சறுக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். முன்னால் தைஸ்தோ போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். பின்னால் கலெர்வோ குதிகாலை ஊன்றி ஊன்றி, வளைவு வளைவாக இறக்கினார். பதினோரு வருடத்தில் அவ்வளவு நெருக்கமாக இருவரும் இருந்ததில்லை. பாறையைக் கடக்கும்போது தைஸ்தோ இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்து, புதிதாகப் போட்ட பனியைக் காட்டினான். பிறகு கலெர்வோவின் கையைத் தட்டினான், இரண்டு முறை.

இர்யா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கலெர்வோ காபி குடித்தார். அப்போது உள்ளே கக்கூஸில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இர்யா கையில் பன் வெட்டும் கத்தியோடு அப்படியே நின்றாள். முற்றத்தில் பம்ப் உறுமத் தொடங்கியது. ஒரு நிமிடம் உறுமியது, நின்றது. சாம்பல் பெட்டியில் விளக்கு எரியவில்லை. இர்யா மூச்சை விட்டாள். கலெர்வோவின் தட்டில் இருந்த பன் துண்டை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய துண்டாக ஒன்றை வைத்தாள். என் ஆயுளில் நான் தேவாலயத்தில் கேட்ட பாட்டு எதுவும் அந்த ஒரு நிமிட உறுமலுக்கு ஈடாகாது.

ஜூன் மாதம் யோவ்னி கடையில், பனியை வழித்ததால் குழாய் உறைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நான்தான் வழிச்சேன்னுச்சு. அந்த ஏரிக்கரை அம்மா கால்ல சங்கிலி மாட்டிக்கிட்டு நடக்கும் போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, டிராக்டர் கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

9.

இப்போது அக்டோபர். கதைக்கு முடிவு வேண்டும் என்கிறார் நூலகர் அம்மாள். நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாள்களை வரும் செவ்வாய்க்கிழமை குழுவில் வாசிக்கப்போவதுமில்லை. உறையில் போட்டு உன் தபால் பெட்டியில் வைக்கப்போகிறேன், இர்யா.

பொறுத்துக்கொள்ளுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது உன்னைத்தான். உன் பெயரை மாற்றியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. "நான்தான்" என்று நீ சொன்னது எனக்குத் தெரியும் என்பதை நேரில் சொல்லத் தைரியமில்லை. அதனால் மூன்று வாரமாக இதை எழுதினேன். நீ அப்படிச் சொன்னதற்கு நன்றி. பெரிய துண்டு பன்னுக்கும் நன்றி. தைஸ்தோவிடம் அன்று நான் சொன்னதற்கு மன்னிப்பு. அதை அவனுக்கு நீ வாசித்துக் காட்டு.

முடிவு இரண்டு இருக்கிறது. ஒன்று: நாற்பது குச்சி வெட்டி, நுனியில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். குழாய் பாறைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் சொல், வந்து நட்டுவிடுகிறேன். இரண்டு: கிழங்கு தோண்டியாயிற்று, வயல் காலி. நிலம் இறுக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு மீட்டர் ஆழம் தாராளமாகத் தோண்டலாம். உன் பம்ப் தொட்டிக்கு நேரே தொடங்கி, வயலின் குறுக்கே சாலை வரை இன்று காலை கயிறு கட்டிவைத்திருக்கிறேன். தைஸ்தோவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தால் அவனுக்கும் தெரியும்.

இந்த முறை கேட்டுக்கொண்டுதான் செய்வேன். கீழே உன் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன், பென்சில் உறையிலேயே இருக்கிறது.

10.